செஞ்சிக் கடைவீதியில் ஒரு கல்யாணக் கத்தி

வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குத் திண்டிவனத்தில் செஞ்சி பஸ்ஸைப் பிடித்தேன். பதினேழு மைல் தூரம். டிக்கெட் எண்பது காசு. தஞ்சாவூர்க்காரனுக்கு மலை என்றாலே அதிசயம். மலைமேல் கோட்டையும் இருக்கிறதென்றால் கேட்க வேண்டுமா? ஏறிக் களைத்தால் நறுக்கித் தின்ன நாலு வெள்ளரிப் பிஞ்சும் ஒரு மடக்குக் கத்தியும் பையில் இருந்தன. ஜன்னலோர இடமும் கிடைத்தது.

ஏழே முக்காலுக்குத் தீவனூரில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியது. மாப்பிள்ளை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்பு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, வலது கையில் ஒரு சாண் நீளக் கத்தி. கத்தி முனையில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அந்தப் பழம் என் மூக்கை விசாரித்துவிட்டுப் போயிற்று.

"பயப்படாதீங்க சார், பழம் இருக்குது இல்ல, குத்தாது" என்றார் மாப்பிள்ளை. ஏழுமலை என்று பெயர்.

பின் சீட்டிலிருந்து அவருடைய அத்தை அஞ்சலையம்மாள் விளக்கினார். "காப்பு கட்டிட்டா, தாலி கட்டற வரைக்கும் கையில இரும்பு இருக்கணும் சார். கீழ வெச்சா காத்து கருப்பு அண்டிப்பூடும்."

எங்கள் ஊரில் மாப்பிள்ளை கையில் பூச்செண்டு கொடுப்பார்கள். எங்கள் பக்கத்துப் பேய்கள் சாதுவானவை போலும். இதை நான் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தாயில்லாத புள்ள சார், நாந்தான் வளத்தன். ரெண்டு வாட்டி தேதி வெச்சோம், ரெண்டு வாட்டியும் பொண்ணு வூட்டுல சாவு வுழுந்துடுச்சி. இது மூணாவது. பத்தரைக்கு முகூர்த்தம். இதுவும் தவறிடுச்சின்னா அப்புறம் யாரு பொண்ணு குடுப்பாங்க" என்றார்.

எட்டரை மணிக்குச் செஞ்சி எல்லையில் போலீஸ்காரர்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். முந்தின வாரம் பக்கத்து ஊர்த் தேரில், வடத்தை யார் முதலில் தொடுவது என்று தகராறாகி, வெட்டுக்குத்தில் முடிந்ததாம். நூற்றுநாற்பத்துநாலு போட்டிருந்தார்கள். பொது இடத்தில் யாரும் கத்தி, அரிவாள், கம்பு எடுத்துப் போகக் கூடாது. புளியமரத்தடி மேஜையில் இளநீர்க்காரரின் அரிவாள் முதல் கீரைக்காரியின் கருக்கரிவாள் வரை குவிந்து கிடந்தன. என் மடக்குக் கத்தியும் அதில் சேர்ந்தது. வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தே தின்றுகொள்ளலாம்.

ஏட்டு மாப்பிள்ளையிடம் வந்தார். கனத்த உடம்பு, அவசரமில்லாத பேச்சு.

"கல்யாணக் கூட்டத்துக்கு விலக்கு இருக்குது, தாராளமா போங்க. கத்திக்கு விலக்கு இல்ல. இப்டி குடு."

"இன்னா ஏட்டையா, கல்யாணக் கத்தியப் போயி கேக்கறீங்க" என்றார் அஞ்சலையம்மாள்.

"கல்யாணக் கத்தி, கறிக் கத்தின்னு ஆர்டர்ல பிரிச்சிப் போடலம்மா."

"அப்ப வண்டியத் திருப்பச் சொல்லு. புள்ளைய வெறுங்கையா அனுப்ப மாட்டன்."

"அத்த, நான் கத்தி இல்லாமலே போறன்" என்றார் ஏழுமலை மெதுவாக.

"நீ வாய மூடு. உனக்கு ஒண்ணு ஆச்சின்னா செத்துப்போன உங்கம்மாளுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பஸ்ஸில் யாரும் அவசரப்படுத்தவில்லை. கண்டக்டர் மட்டும் நல்ல எண்ணத்தில், பெட்டியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினார். இதுவும் இரும்புதானே என்றார்.

"இதுல எலுமிச்சம்பழத்த எங்கய்யா குத்துறது" என்றார் அஞ்சலையம்மாள்.

ஏட்டு மீசையைத் தடவினார். பிறகு ஏழுமலையின் கைமேல் தன் கையை வைத்து, கத்திப்பிடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டார். "கத்தி இவங்கிட்ட இருந்தா குத்தம், எங்கிட்ட இருந்தா டூட்டி. இப்ப ரெண்டு பேரு கிட்டயும் இருக்குது. நடங்க." மேஜையை இன்னொரு போலீஸ்காரரிடம் விட்டுவிட்டுக் கிளம்பியேவிட்டார்.

பெண் வீடு பீரங்கிமேட்டில். கோட்டை எங்கும் ஓடிவிடாது என்று நானும் கூடவே நடந்தேன். கடைவீதியில்தான் வினை வந்தது. தடை உத்தரவு நேரத்தில் ஒருவன் கையில் கத்தி. அந்தக் கையைப் போலீஸ்காரர் பிடித்திருக்கிறார். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ ஒருவர் ஏழுமலையை அடையாளம் கண்டு சைக்கிளில் பறந்தார். நாங்கள் போய்ச் சேருமுன், 'மாப்பிள்ளை யாரையோ குத்திவிட்டு மாட்டிக்கொண்டான்' என்ற செய்தி பெண் வீட்டுக்குப் போய்விட்டது.

ஒன்பதரைக்குப் பந்தலை அடைந்தோம். மேளக்காரர்கள் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் தகப்பனார் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னா பண்ணிட்டு வந்திருக்கற?" என்று கேட்டார்.

ஏட்டுதான் பதில் சொன்னார். "ஒண்ணும் பண்ணல. கல்யாணம் பண்ணத்தான் வந்திருக்குது. பழத்தப் பாருங்க, அப்டியே இருக்குது. இதால யாரக் குத்த முடியும்?"

கூட்டம் பழத்தைப் பார்த்தது. முதலில் ஒரு கிழவர் சிரித்தார்; பிறகு பந்தல் முழுக்கச் சிரிப்பு. நாயனம் உறையிலிருந்து வெளியே வந்தது. ஆனாலும் ஏட்டு கையை எடுக்கவில்லை. பந்தல் ரோட்டில் போட்டிருப்பதால் அதுவும் பொது இடம்தானாம். பூட்ஸைக் கழற்றிவிட்டு மணைக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றார். பத்தரை மணிக்குத் தாலியை வாங்க ஏழுமலை இரண்டு கையையும் நீட்டினார். கத்தி ஏட்டு கையில் தங்கியது. அட்சதை அவர் தொப்பியிலும் விழுந்தது.

சாப்பாடு முடிந்து, சாயங்கால வெயிலிலாவது கோட்டை ஏறலாமென்று விடைபெறப் போனேன். பெண்ணின் தாயார் அஞ்சலையம்மாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட சேதி வந்ததும் வீட்டுப் பெண்கள் எல்லாரும் அழுதுகொண்டே, மணப்பெண் பச்சையம்மாவிடம் தலைப்பூவை எடுத்துவிடச் சொன்னார்களாம். அவள் அசையவே இல்லையாம்.

"எடுக்க மாட்டேன்னுட்டா. 'புடிச்ச போலீஸ்காரரையும் சேத்து கூட்டியாங்க, தாலிய கட்டிட்டுப் போவட்டும், நான் காத்துனு இருக்கறன்'னு சொல்றா."

அஞ்சலையம்மாள் மருமகள் இருந்த பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஏட்டு வந்தார். கத்தி ஸ்டேஷனில் இருக்கும், உத்தரவு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"நீயே வெச்சிக்க ஏட்டையா" என்றார் அஞ்சலையம்மாள். "இவ இருக்கறா. இனிமே எம்புள்ளைக்கு இரும்பு எதுக்கு?"