தையல்காரர் கொண்டுவந்த கம்ப்யூட்டர்

இது நடந்தது பட்டப்பகலில். கட்டுக்கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் சொன்னவன் என் மச்சினன். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். பேய்ப்படம் ஓடும்போது குறட்டை விட்டுத் தூங்குகிற ஆள்.

அன்று மதியம் அவன் கடைக்கு ஒரு தையல்காரர் வந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்திருந்தார். மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நன்றாக இருந்த காலத்தில் அந்த அம்மாள்தான் வருகிறவர்களுக்கு அளவெடுப்பாராம். எடுத்ததை அப்படியே கம்ப்யூட்டரில் பேசிப் பதிவு செய்துவிடுவார். இவர் அதைக் கேட்டுக்கொண்டே துணி வெட்டுவார்.

"தோள் பதினாறு, கை எட்டுன்னு அளவுதான் தம்பி சொல்லியிருப்பா. வேற ஒண்ணும் இருக்காது. ஆனா அவ குரல்னு என்கிட்ட இருக்கிறது அது மட்டும்தான். நேத்து கேட்டுட்டிருக்கும்போதே படுத்துடுச்சு. இப்ப ஆன் பண்ணா அப்படியே நின்னுடுது."

"வெச்சுட்டுப் போங்கண்ணே. சாயங்காலம் வாங்க, பாத்துடலாம்."

அவர் போனதும் மச்சினன் ஆன் செய்தான். திரை வந்தது. மவுஸின் அம்பு பாதி வழியில் நின்றுபோனது. கூடவே ஸ்பீக்கரில் ஒரு சத்தம். ஆஃப்... ஆஃப்... ஆஃப்... ஜலதோஷம் பிடித்த நாய் குரைப்பது போல. கம்ப்யூட்டர் ஹேங் ஆகும்போது கடைசித் துண்டுச் சத்தம் இப்படிச் சிக்கிக்கொள்வது சகஜம்தான். பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினான்.

மெமரியைக் கழற்றி, அதன் பற்களை ரப்பரால் தேய்த்து மாட்டினான். பாதி வியாதி அதிலேயே ஓடிவிடும் என்பது அவன் அனுபவம். மறுபடி ஆன் செய்தான். மறுபடி நின்றது. ஆனால் சத்தம் வேறு. பண்ணா... பண்ணா... பண்ணா...

பெண் குரல்! பதிவு பிழைத்திருக்கிறது என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். திரும்பத் திரும்ப நிறுத்தினால் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடுமே என்று அதைக் கழற்றி மேஜைமேல் பத்திரமாக வைத்தான். பதிவுகள் மொத்தமும் அதற்குள்தான். இனி இந்தப் பெட்டி வெறும் கூடு. மற்ற பாகங்களைச் சோதிக்க ஆன் செய்தான்.

தீங்க... தீங்க... தீங்க...

மச்சினன் திரும்பிப் பார்த்தான். ஹார்ட் டிஸ்க் மேஜைமேலேயே கிடந்தது.

அவன் கை பழக்கத்தில் பொத்தானை நோக்கிப் போனது.

"ஆஃப் பண்ணாதீங்க..."

முழுசாக. மெதுவாக.

விரல் நின்றது.

யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம்...

"ஆஃப் பண்ணாதீங்க... எனக்குக் கேக்குது..."

பிளக்கைப் பிடுங்கினான்.

சத்தம் உடனே நிற்கவில்லை. இளைத்து... இளைத்து... அப்புறம் நின்றது.

வெகுநேரம் கழித்து, ஹார்ட் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தான். எல்லாம் போயிருந்தது. ஓர் அளவுகூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் தையல்காரர் வந்தார். எதையும் சொல்லாமல், மச்சினன் ஒன்றை மட்டும் கேட்டான்.

"அண்ணே, அவங்க கடைசியா உங்ககிட்ட என்ன பேசினாங்க?"

"எங்க தம்பி பேசினா? ஆஸ்பத்திரியில தொண்டைக்குள்ள குழாய். மூச்சையே மிஷின்தான் விட்டுச்சு. இனிமே நினைவு வராது, நாம பேசறது எதுவும் அவளுக்குக் கேக்காதுன்னு சொல்லிட்டாங்க. அவ கட்டில் பக்கத்துலயே நின்னு, சொந்தக்காரங்க எல்லாரும் என்ன பண்றதுன்னு பேசினோம். கடைசியில நான்தான் மிஷினை ஆஃப் பண்ணிடுங்கன்னு சொன்னேன்."

தையல்காரர் மச்சினன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரல் கிடைச்சுதா தம்பி?"

"இல்லண்ணே. எல்லாம் அழிஞ்சுபோச்சு."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட இல்லண்ணே."