ஒரே மூச்சில் கூப்பிடுகிற பேர்

மண்ணூர்பேட்டையில் அலெக்ஸின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் வருஷக்கணக்காகப் பவர் பிரஸ் மிஷின் பக்கத்தில் நின்று தகடு அடிக்கிறவன். அந்தச் சத்தத்தில் பாதிக் காது போயிற்று. மீதிக் காதுக்கு எட்டட்டும் என்று அவனே கத்திப் பேசப் பழகிவிட்டான். அவன் வீட்டில் உப்பு தீர்ந்தால் தெருவுக்கே தெரியும். பெண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டால் அதுவும் தெரியும்.

ரெனிதா அவனைக் கிண்டல் செய்தே வயிற்றுப் பிள்ளையைச் சுமந்தாள்.

"யோவ், கொழந்தைக்கு நீட்டமா பேரு வெச்சா தாங்காது. நீ தெருமொனையில நின்னுகினு கத்துவ, எஸ்டேட்டே மனப்பாடம் பண்ணிடும். சின்னப் பேரா, ஒரே மூச்சுல முடியற மாதிரி நம்ம வேதத்துப் பேரு ஒண்ணு எடுத்து வெச்சிகீறேன். சொல்லட்டா?"

"வாய மூடிகினு கெட. பொறந்தப்புறம் சொல்லு."

"சொன்னா இன்னாய்யா கொறஞ்சுடும்?"

"கொறஞ்சது போதும்டி."

அதற்குமேல் அவள் பேசமாட்டாள். அவளுக்கும் தெரிந்த கதைதான். முதல் பிள்ளைக்கு வயிற்றில் இருக்கும்போதே பேர் வைத்தவன் அலெக்ஸ். சும்மா வைத்தானா? கம்பெனியில் லட்டு கொடுத்து, மிஷின் மிஷினாகப் போய்ப் பேரைச் சொல்லிவிட்டு வந்தான். ஐந்தாம் மாதம் கலைந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பேரைச் சொல்லியே விசாரித்தார்கள். அதைக் கேட்டுக் கேட்டு ரெனிதா சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

"பொறக்காத புள்ளைக்குப் பேரு வெச்சா கண்ணு பட்டுடும்டா, அறிவு கெட்டவனே" என்றாள் அவன் அம்மா ஜெயசீலி. கிறிஸ்தவ வீட்டில் கண்ணாவது திருஷ்டியாவது என்று ஃபாதர் கேட்டால் திட்டுவார். அவர் திட்டட்டும். வாசலில் பூசணிக்காய் உடைக்காத கிறிஸ்தவ வீடு அந்தத் தெருவில் எது, சொல்லுங்கள் பார்ப்போம். அலெக்ஸ், அம்மா சொன்னதைப் பிடித்துக்கொண்டான். இந்த முறை ரெனிதா பேர்ப் பேச்சை எடுத்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். "ஏற்கெனவே செவிடு, இதுல பொத்த வேற பொத்துது" என்று சிரிப்பாள்.

ஏழாம் மாதம். முகப்பேரில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. மாடி வீட்டுப் பானுப்பிரியாவும் அதே கடைதான். சேர்ந்து பஸ் ஏறுவார்கள், சேர்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள், டாக்டரிடம் காட்டவும் சேர்ந்தே போவார்கள். அலெக்ஸுக்குத்தான் ஷிப்டு ஒத்துவராதே. ஒரு நாள் காலையில், கடையில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்த ரெனிதாவுக்குப் பிரஷர் ஏறி வலிப்பு வந்துவிட்டது. பானுதான் ஆட்டோ பிடித்து மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். கையில் கிரீஸோடு அலெக்ஸ் ஓடிவந்து சேர்வதற்குள் ஆபரேஷனே முடிந்திருந்தது.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தாய் வேறு வார்டில், வாயில் குழாயோடு, நினைவில்லாமல்.

மத்தியானம் டாக்டரம்மா வெளியே வந்தார். "நுரையீரல் வளரலப்பா. முடிஞ்சதெல்லாம் செய்யறோம். ஆனா கைமீறிப் போயிட்டிருக்கு. பாக்கணும்னா இப்பவே பாத்துடு."

அலெக்ஸுக்கு ஒன்று மட்டும் பளிச்சென்று நினைவுக்கு வந்தது: பிள்ளை ஞானஸ்நானம் இல்லாமல் போய்விடக் கூடாது. முதல் பிள்ளைதான் அதுகூட இல்லாமல் போயிற்று. குழந்தை இருந்த மாடியில் போனில் டவர் எடுக்காது. கீழே தெருவுக்கு ஓடி ஃபாதருக்குப் போன் போட்டான்.

"நான் பாடி பாலத்துகிட்ட மாட்டிக்கிட்டேன்ப்பா. லாரி ஒண்ணு குறுக்க நின்னுடுச்சி, நகரவே மாட்டேங்குது" என்றார் அவர். "எனக்காகக் காத்திருக்காத. ஆபத்துல யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். நீயே கொடு. பேரைச் சொல்லித் தலையில தண்ணி ஊத்து, தந்தை மகன் தூய ஆவியார் பேரால கொடுக்கிறேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"பேரு..."

"ஏன், எடுத்து வெச்சிருப்பீங்கல்ல?"

எடுத்து வைத்திருந்தாள். அதைத்தான் இவன் காதில் வாங்கவில்லை.

தாய் இருக்கிற வார்டுக்கு ஓடினான். நர்ஸிடம் கெஞ்சி உள்ளே போய் அவள் காதருகே குனிந்தான். "ரெனி, அந்தப் பேரு இன்னாம்மே? நீ சொல்லட்டா சொல்லட்டான்னியே, இப்ப சொல்லும்மே. கேக்கறேன். கண்ண மட்டுமாவது தொறம்மே." இமைகூட அசையவில்லை. அவள் சொல்ல வந்தபோதெல்லாம் காதைப் பொத்திய கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

மறுபடி தெரு, பஸ் இரைச்சல். ஆவடியில் இருக்கும் மாமனார் வேதமுத்துவுக்குப் போன். "எங்ககிட்ட எங்க மாப்ள சொன்னா? நீங்க சொல்லக் கூடாதுன்னீங்களாம்" என்று அழுதார். அம்மாவுக்குத் தெரியவில்லை. கோயிலில் ரெனிதாவோடு பாட்டுப் பாடுகிற பெண்களுக்குத் தெரியவில்லை. தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியத்துப் பெரியம்மா, "மரியான்னு வெச்சிடேன்டா, அதுக்கு மிஞ்சின பேரு ஏது?" என்றாள். வேண்டாம் என்றான். பிள்ளைக்குத் தாய் கொடுக்கப்போவது இனிமேல் அந்தப் பேர் ஒன்றுதான். அதுவும் அவள் எடுத்து வைத்த பேராக இல்லாமல் போனால் எப்படி? தெரிந்த கிறிஸ்தவர்கள் அத்தனை பேரையும் கேட்டுப் பார்த்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் பானுப்பிரியா ரெனிதாவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, இன்னாண்ணா? இப்டி ஓடிகினு கீறியே, அக்கா எப்டி கீது?"

"ஒண்ணும் இல்லம்மா, சர்ச் விசயம். நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

குழந்தை இருக்கும் அறையில் பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். நர்ஸ் பால் புகட்டுகிற பாலாடையில் கொஞ்சம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "சொட்டுதான் ஊத்தணும். சத்தம் போடாதீங்க, மத்த கொழந்தைங்க இருக்குது." வாழ்நாளில் மெல்லப் பேசியறியாதவன் தலையாட்டினான். பெட்டிக்குள் ஒரு முழம்கூட இல்லாத பிள்ளை, நெஞ்சு மட்டும் படபடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரே மூச்சில் முடிகிற பேர். வேதத்துப் பேர். என்னவாக இருக்கும்? ஆனியா? ஈவாவா? தங்கள் கல்யாணப் பூசை ஞாபகம் வந்தது. அன்றைக்கு வாசித்த வாசகம் ரூத்தைப் பற்றியது. அதைக் கேட்டு மணப்பெண் மேடையிலேயே தேம்பினாள், பவுடரெல்லாம் கரைந்து போட்டோ கெட்டது. ரூத்தாகத்தான் இருக்கும். ஆண்டவரே, அதாகவே இருக்கட்டும்.

"ரூத்து" என்றான். அவனுக்கே சரியாகக் கேட்கவில்லை. தண்ணீரைச் சொட்டவிட்டு, ஃபாதர் சொன்னதைச் சொல்லி முடித்தான். பிள்ளை லேசாக முகத்தைச் சுளித்தது. "ரூத்து, ரூத்து" என்று இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் ஆண்கள் நாலு பேர் போய் அடக்கம் செய்தார்கள். சின்ன மரச் சிலுவையில் பேரைப் பெயிண்டால் எழுதி நட்டார்கள். பானு அப்போது ஊரில் இல்லை. தன் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று முந்தின நாள் சாயங்காலமே திருநின்றவூருக்குப் போயிருந்தாள்.

அதற்கப்புறம்தான் ரெனிதா கண் விழித்தாள். அலெக்ஸின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"இல்லியா?"

அவன் தலையை ஆட்டினான்.

அவள் கையை அடிவயிற்றில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "தண்ணி ஊத்துனாங்களா?" என்றாள்.

"நானே ஊத்துனேன் ரெனி."

"இன்னா பேரு வெச்ச?"

"ரூத்து." அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நீ நெனச்ச பேரு எனக்குத் தெரியல. நான் பாவி, கேக்காம உட்டுட்டேன். எனக்குத் தோணுனத..."

அவள் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். "அதான்யா. நான் எடுத்து வெச்சதும் அதான்."

அலெக்ஸ் உடைந்துபோனான். வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். ஆண்டவர் தன் வாயில் அந்தப் பேரைக் கொண்டுவந்து வைத்தார் என்று ஃபாதரிடம் சொன்னான், அம்மாவிடம் சொன்னான், மாமனாருக்குப் போன் போட்டுச் சொன்னான். பிள்ளையைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் பேரையாவது தவறவிடவில்லை. அந்த ஒரு பிடிகொம்பை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டான், தூங்கினான்.

ரெனிதா வீட்டுக்கு வந்த அன்று அவன் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தான். பானுப்பிரியா ஊரிலிருந்து வந்ததும் வராததுமாக, தூக்கில் ரசம்சாதத்தோடு படியிறங்கி வந்தாள். கட்டிலில் இருந்தவளைப் பார்த்ததும் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, நம்ம லியா பூட்டாளேக்கா! பஸ்ல வர்றப்ப நீ மொத மொத என்னாண்ட சொன்ன அன்னிக்கே, லியா லியான்னு கூப்ட்டுப் பாத்தனேக்கா! கடையில அவளுக்குன்னு மஞ்சத் துணிகூட எடுத்து வெச்சனே!"

பாதிக் காது போனவனுக்கு அன்றைக்கு ஒவ்வொரு சொல்லும் நன்றாகக் கேட்டது. காலையிலிருந்து மடியில் பையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள். இன்னாண்ணா என்று வாய் விட்டுக் கேட்டவள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைந்திருக்கிறான். கிறிஸ்தவப் பேர் இவளுக்கு என்ன தெரியும் என்று அவன் நினைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை. வெந்நீர் கொதித்து அடுப்பில் வழிந்தது.

பானுவின் தோளுக்கு மேலாக ரெனிதா அடுப்படியைப் பார்த்தாள். அவன் நிற்பதைப் பார்த்தாள். பிறகு பானுவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள்.

"கொழந்த பேரு ரூத்து, பானு" என்றாள். "அவங்கப்பா வெச்ச பேரு."