கேட்டைத் திறந்தால்தான் கொடி ஏறும்

ஆகஸ்ட் பதினைந்து என்றாலே எங்கள் வீட்டில் குற்றாலம்தான். சாரல், குளியல், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி. கொடியேற்றத்தை டிவியில் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்த வருஷம் அந்த வழக்கத்தைக் கெடுத்தவள் என் தோழி செல்வி. புளியங்குடிக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பளியர் பழங்குடியினர் குடியிருப்புப் பள்ளியில் அவள் டீச்சர். "ஏட்டி, அருவி எங்கயும் ஓடிப் போயிராது. இந்தத் தடவை எங்க பள்ளிக்கூடத்துக் கொடியேத்தத்துக்கு வா. நடக்குமா நடக்காதான்னே தெரியல" என்றாள் போனில். நடக்குமா என்று தெரியாத கொடியேற்றத்தை நான் கேள்விப்பட்டதே இல்லை. கிளம்பிவிட்டேன்.

ஆனாலும் அருவியை விட மனசு வரவில்லை. காலை ஐந்து மணிக்கே பேரருவியில் தலையைக் கொடுத்தேன். அந்நேரம் கூட்டம் குறைவு, ஆசை தீர நிற்கலாம். அங்கிருந்து தென்காசிக்கு ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோ இருபது ரூபாய். ஏழு மணி பஸ் கடையநல்லூர் வழியாக ஒரு மணி நேரத்தில் புளியங்குடியில் இறக்கிவிட்டது. ஈரத்தலையோடு ஜன்னலோரம் உட்கார்ந்ததில் தும்மல் பிடித்துக்கொண்டது. எலுமிச்சை மார்க்கெட் பக்கம் ஆட்டோ பேசினேன், போக வர முந்நூற்றைம்பது. "அங்கன என்னத்தப் பாக்கப் போறிய? அருவிகூடக் கிடையாதே" என்று ஆட்டோக்கார அண்ணாச்சி உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

போனதும் செல்வி விஷயத்தைச் சொன்னாள். வருஷா வருஷம் அதிகாரிகள் விருந்தினர்களாக வருவார்கள், கொடியேற்றுவார்கள். குடியிருப்புப் பிள்ளைகள் இலைதழை கட்டி ஆட வேண்டும். பெரியவர்கள் வரிசையில் நின்று வேட்டி சேலை வாங்க வேண்டும். போட்டோ எடுத்ததும் ஜீப் கிளம்பிவிடும். பள்ளிக்கு எதிரே வனத்துறை பூட்டி வைத்திருக்கும் காட்டு கேட். அதைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் அவர்களுடைய பளிச்சியம்மன் கல். பெரியவர்கள் பலர் பிறந்ததே அந்த இடத்தில்தான். அங்கே பொங்கல் வைக்க அனுமதி கேட்டுக் கேட்டே பல வருஷங்கள் போய்விட்டன. இந்த முறை எல்லோரும் கூடிப் பேசி முடிவாகச் சொல்லிவிட்டார்கள்: ஆட்டம் கிடையாது, எங்கள் முத்தம்மாதான் கொடியேற்றுவார், அதுவும் கேட்டைத் திறந்த பிறகுதான்.

ஒன்பதரைக்கு ரேஞ்சர் வந்தார், புதிதாக மாற்றலாகி வந்தவர். "மேல பேசிட்டேன், சரின்னுட்டாங்க. முதல்ல கொடிய ஏத்திருவோம், அப்புறம் திறக்கலாம்" என்றார்.

தேன் எடுக்கும் குடும்பத்துப் பெண் முத்தம்மா. கயிற்றைப் பிடித்திருந்தார், இழுக்கவில்லை. "போன வருசமும் அப்புறம்னுதான் சொன்னாக சார். எங்க அம்மன்கிட்டப் போக முடியலன்னா எங்களுக்கு எதுக்கு இந்த நாளு?" என்றார் மெதுவாக.

ரேஞ்சர் கொடியையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்நேரம் பார்த்து நான் ஒரு தும்மல் போட்டேன் பாருங்கள், பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். ரேஞ்சரும் சிரித்தார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நேரே கேட்டுக்குப் போனார்.

பூட்டு திறந்தால்தானே. அவ்வளவு துரு. ஆட்டோ அண்ணாச்சி வண்டியிலிருந்து ஆயில் கொண்டுவந்து ஊற்றினார். "எல பூட்டே, மானத்தை வாங்காத" என்று அவர் அதட்டவும் அது திறந்துகொண்டது. கைதட்டலுக்கு நடுவே கொடி மேலே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஜலதோஷம் என்று செல்வியிடம் சமாளித்தேன்.

காட்டுப் பாதையில் ரேஞ்சர் பழக்கதோஷத்தில், "எல்லாரும் வரிசையா வாங்க" என்றார். "இங்கன நாங்க முன்னால போறோம், நீங்க பின்னால வாங்க சார்" என்றார் முத்தம்மா. அவரும் ஒதுங்கி வழிவிட்டுப் பின்னால் வந்தார். பொங்கல் வைத்து முடிந்ததும் தனியாக ஒரு தீ மூட்டினார்கள். சண்டை போட்ட இரண்டு வீட்டார் ஒரே தீயில் கிழங்கு சுட்டுப் பங்கிட்டுத் தின்ற பிறகுதான் மறுபடி பேசிக்கொள்வது இந்தக் குடியிருப்பின் வழக்கமாம். முத்தம்மா கிழங்கைப் பிட்டுப் பாதியை ரேஞ்சரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு, "இத்தனை வருசம் பூட்டி வச்சது தப்புதாம்மா" என்றார். "சாப்பிடுங்க சார், ஆறிரும்" என்றார் முத்தம்மா.

அப்புறம் யாரும் சொல்லாமலே பிள்ளைகள் ஆடினார்கள், இலைதழை எதுவும் இல்லாமல். நானும் ஆடினேன். அதைப் பற்றி அதிகம் கேட்காதீர்கள். இத்தனை வருஷம் எனக்கு ஆகஸ்ட் பதினைந்து வெறும் லீவு நாள். அன்றுதான் அதை ஒரு பண்டிகையாக உணர்ந்தேன்.

நீங்களும் போக நினைத்தால், அது சுற்றுலாத் தலமல்ல, யாராவது அழைத்தால் மட்டும் போங்கள். பழைய துணிமணி மூட்டை வேண்டாம். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம், ஆனால் அது மட்டும் போதாது. அன்று சாயங்காலம் ரேஞ்சர் கேட்டைப் பூட்டிவிட்டு, கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி முத்தம்மா கையில் கொடுத்தார். இனி அவரிடமும் கேட்க வேண்டும்.