மண்கோட்டையில் எடுத்த கிறிஸ்துமஸ் படம்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, துபாயில் நாங்கள் போகும் மாதா கோயிலின் ஞாயிறு வகுப்பில் கிறிஸ்துமஸ் புகைப்படக் கண்காட்சி வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் மாலில் நின்ற பெரிய மரத்தையும் பால்கனியில் தொங்கிய நட்சத்திர விளக்கையும் எடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை. இயேசு பிறந்தது பாலைவன நாட்டில். பாலைவனத்தில் வீடு என்றால் மண்வீடு. ஆகவே மண்வீட்டைத்தான் எடுப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா ஏசி டெக்னீஷியன். குளிர்காலத்தில் வேலை குறைவு என்பதால் மறுக்க அவருக்குக் காரணம் அகப்படவில்லை.

அல் ஐனில் ஒரு பழைய மண்கோட்டையைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் அம்மாவின் தம்பி வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமைகளில் தேய்த்த சட்டையோடு, சத்வாவில் இருந்த எங்கள் ஃபிளாட்டுக்குச் சாப்பிட வருவார். மாமா சூப்பர்வைசர் என்று அம்மா சொல்லியிருந்தாள். எனக்கும், குமரிக் கடற்கரையில் இருந்த சொந்தங்களுக்கும், அந்த வருடம் அவருக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வீட்டாருக்கும்.

சொல்லாமல் போய் நின்றோம். கோட்டையின் பின்புறம், கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மாமா ஒரு குழிக்குள் நின்று வைக்கோல் கலந்த சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கால்கள் நின்றன. அப்பா வேறெங்கோ பார்த்தபடி, "யல்லா மக்கா, வெயில் ஏறுது, போவோம்" என்றார்.

நானோ கேமராவை எடுத்துவிட்டிருந்தேன். மாமா என்னையும் கேமராவையும் பார்த்தார். பிறகு குழியிலிருந்து ஏறி வந்து, "அங்க நின்னா வெயிலு எதிரடிக்கும். இங்க வா பிள்ளே" என்று, கை சேறாக இருந்ததால் முழங்கையாலேயே என்னை நகர்த்தி நிறுத்தினார். இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளிச் சுவரில் அறைந்து, உள்ளங்கையால் இழுத்துப் பூசினார். சுவர் ரொட்டி நிறத்தில் இருந்தது. அவர் பூசிய இடம் மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. எடுக்கும்போதே நல்ல படம் என்று தெரிந்தது. இன்றைக்கும் அதில் குறை சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

படத்தின் கீழே 'எங்கள் மாமா, சூப்பர்வைசர்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். சூப்பர்வைசர் என்றால் சேறு மிதிப்பவர் என்பதை அப்போதுதான் கற்றிருந்தேன்.

அம்மா நர்ஸ். அந்த வாரம் முழுவதும் டூட்டியில் இருந்ததால் படத்தை அவள் பார்த்தது கண்காட்சியில்தான். பார்த்த உடனே அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். முந்திரிக்கொத்து டப்பாவைக் கையில் ஏந்தி வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தாளே தவிர, ஓரடி நகரவில்லை. என் படத்தைவிட்டுப் பிரிய முடியாத அளவுக்குப் பெருமை போலும் என்று நினைத்தேன். மாமாவுக்குப் பேசியிருந்த பெண்ணின் அண்ணன் துபாயிலேயே வேலை பார்த்தார். அவரும் வந்திருந்தார். அவருக்கு மட்டும் மூன்று கொடுத்தாள்.

அப்போது மாமா வந்தார்.

"தள்ளுக்கா. எம் படத்த நானே இன்னும் பாக்கல."

அம்மா தலையாட்டி மறுத்தாள். மாமா அவள் தோளைப் பிடித்து மெதுவாக விலக்கினார். பெண்ணின் அண்ணன் நான் எழுதியதைப் படித்தார், படத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"சூப்பர்வைசர்னு சொன்னாங்க..."

"இல்லண்ணே. லேபர்தான். அந்தச் சுவரு முழுக்க நான் பூசினது."

அவர் முந்திரிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதுதான் அன்றைக்கு என் துக்கம்.

மாமா, தொழிலாளர்கள் தங்கும் கேம்புக்குக் கிளம்பும் முன் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் படம் இன்னொண்ணு தருவியா பிள்ளே? ஊர்ல ஒரு ஆளுக்கு அனுப்பணும்."

எடுத்தது நான்தான் என்று படத்தின் பின்பக்கம் எழுதினால் தருகிறேன் என்றேன். என் எதிரிலேயே உட்கார்ந்து என் பெயரை எழுதினார். அதன் கீழே தானாக ஒரு வரி சேர்த்தார்: 'இதுதான் நான் பார்க்கும் வேலை. சம்மதம் என்றால் எழுதவும்.'

அந்த ஆள், முந்திரிக்கொத்தை வைத்துவிட்டுப் போனவரின் தங்கைதான், சம்மதம் என்று எழுதி, மறு வருடம் எனக்கு அத்தையாக வந்தாள். நானோ அன்றைக்கு, அது முதல் பரிசுக்குரிய படம்தான் என்பதற்குத்தான் மாமா சம்மதம் கேட்கிறார் என்று நம்பி, உறையை நானே ஒட்டிக் கொடுத்தேன்.