சாவி வரட்டும்

கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் மணமேடைப் பக்கம் போவார்கள். அப்பா பின்வாசலைத் தேடிப் போவார். சமையல்காரர்களையும் வெங்காய மூட்டைகளையும் தாண்டிக் கதவைக் கண்டுபிடித்து, உள்ளங்கையால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பார். வெளிப்பக்கமாகத் திறந்தால் திரும்பி வந்து மொய் எழுதுவார். பூட்டியிருந்தால் பெண் வீட்டாரில் யாராவது ஒருவர் சாவி தேடி அலைய வேண்டியதுதான். "சாவி வரட்டும். சாப்பாடு எங்க போயிரப் போவுது" என்று கதவருகிலேயே நின்றுவிடுவார்.

பெயர் பரமசிவம். ஊர் அம்பாசமுத்திரம். வீடு டெல்லி ஜனக்புரியில், அரசு கட்டி விற்ற டி.டி.ஏ. ஃபிளாட். அரசாங்கத்தின் தொழிலாளர் துறையில் குமாஸ்தாவாக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுத் துணிக்கடைக் கம்பெனி ஒன்றின் டெல்லி ஆபீஸில் சேர்ந்தார். அவர்கள் கடைகள் ஐரோப்பாவில். அங்கே விற்கும் சட்டைகளைத் தைப்பது இங்கே டெல்லிப் பக்கம் ஓக்லாவிலும் நொய்டாவிலும். தைப்பவர்களை அடிக்கக் கூடாது, சிறுவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது, கட்டாயப்படுத்தி ஓவர்டைம் வாங்கக் கூடாது, தீப்பிடித்தால் ஓட வழி இருக்க வேண்டும் என்று கம்பெனி விதி வகுத்திருக்கிறது. அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பது அப்பாவின் வேலை.

"அவன் அங்கன ஒக்காந்து எழுதிட்டான். நல்லாத்தான் எழுதியிருக்கான். அது தையல் மிஷின் வரைக்கும் வந்து சேரணும்லா?" என்பார்.

தொழிற்சாலைக்குப் போனால் மேனேஜர் கொடுக்கும் டீயைத் தொடமாட்டார். தொழிலாளர்கள் குடிக்கும் குழாயில்தான் தண்ணீர் குடிப்பார். வயிறு கெட்டு வீட்டுக்கு வருவார். தண்ணீர் குடித்த கையோடு தொழிலாளர்களின் கழிப்பறையைப் பார்க்கப் போவார். அங்கே சோப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்புவார். அதன் மேல் பொறித்த எழுத்துகள் கூராக இருந்தால், அது அவருக்காக அன்று காலையில் வைத்த சோப்பு. நடுவில் குழிந்து, வெடித்து, வெடிப்பில் கறுப்புக் கோடு ஓடியிருந்தால் அவர் முகம் மலரும். நகையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்.

பதில்களும் அப்படித்தான். மூன்று பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் அது யாரோ சொல்லிக் கொடுத்தது. ஓக்லாவில் நூல் பிசிறு வெட்டும் முத்துமாரி என்ற சேலத்துப் பெண் ஒருமுறை சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாளாம். "நீங்க வர்றீங்கன்னா எங்களுக்குப் பரீட்சை சார். நேத்தே ஒப்பிக்க வெச்சுட்டாங்க. கேளுங்க, தட்டுத் தடுமாறாம சொல்றேன்."

அப்பா அவளிடம் சம்பளம் பற்றிக் கேட்கவில்லை. கடைசியாக ஊருக்கு எப்போது போனாய் என்று கேட்டார். அதற்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். முத்துமாரி கத்தரியைக் கீழே வைத்துவிட்டாளாம். கொடுக்காத லீவு, பிடித்த கூலி, பார்க்காமலே போன தம்பி கல்யாணம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. எந்த ரிப்போர்ட்டிலும் அவள் பெயரை அப்பா எழுதியதில்லை.

அந்தத் தொழிற்சாலையில்தான் பின்வாசல் பூட்டியிருந்தது. சாவி காவல்காரச் சௌக்கிதாரிடம் இருக்கிறது, சௌக்கிதார் வெளியே போயிருக்கிறார் என்றார் மேனேஜர். அப்பா ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்துவிட்டார். சமோசா வந்தது. பிறகு நாற்காலி வந்தது. "சாவி வரட்டும்" என்றார். சாயங்காலம் சாவிக்குப் பதில் சுத்தியல் வந்தது.

முதல் தப்புக்கு ஆர்டரை வெட்டினால் முத்துமாரிதான் தெருவுக்கு வருவாள். அதனால் அவகாசம் கொடுத்து, அது முடிந்தபின் முன்கூட்டிச் சொல்லாமல் போய் நிற்பது கம்பெனி வழக்கம். அப்பா அப்படிப் போனபோது கதவில் பூட்டே இல்லை. குளிர்கால வெயிலில் பின்படிகளில் உட்கார்ந்து பெண்கள் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். இதை அம்மாவிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா பெயர் தங்கம். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா தொழிற்சாலை பார்த்துவிட்டு வரும் நாளில் குளியலறையில் புதுச் சோப்பை எடுத்து வைப்பாள். "இன்ஸ்பெக்டர் ஐயா வாராவ. பாத்து பாஸ் போடுங்க" என்பாள். அப்பா அந்தச் சோப்பை முகர்ந்து பார்த்து, ஃபெயில் என்பார். வீட்டுக்குள் யார் இருந்தாலும் அம்மா மணி அடிக்கமாட்டாள். தன் சாவியால் தானே திறந்துகொண்டு வருவாள். பூட்டுச் சத்தம் கேட்டதும் அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் "தங்கமா?" என்பார். வேறு யாரும் அப்படி வந்ததில்லை. ஆனாலும் கேட்பார்.

போன ஜனவரியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்குள் போனதும் அப்பா பின்பக்கக் கதவைத் தேடிப் போனார். சங்கிலி போட்டிருந்தது. ஊழியரிடம் இந்தியில் சண்டை பிடித்தார். அம்மா ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி, "வந்த எடத்துலயும் ஆரம்பிச்சாச்சா?" என்று சிரித்தாள். சங்கிலியை எடுத்தார்கள். அம்மா அந்த வாரமே இறந்துவிட்டாள். நிமோனியா.

எனக்குப் புனேயில் வேலை. ரப்பர் குழாய்களை இழுத்து, எந்த இழுப்பில் அறுகிறது என்று பார்க்கும் பரிசோதனைக் கூடம். ஃபோன் செய்யும்போதெல்லாம் அப்பா ஒரே பதில் சொன்னார். "தெனமும் சமைக்கேன்ட்டி. ரசம், ஒரு காய். ஒரு கொறையும் இல்ல." எனக்கு நம்பிக்கை இல்லை. அக்டோபரில், வருகிறேன் என்று சொல்லிவிட்டு டெல்லிக்குப் போனேன். சரியாகச் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் கையோடு அழைத்து வந்துவிடுவதாக இருந்தேன். திரும்பிவர டிக்கெட் இரண்டு எடுத்திருந்தேன். அதையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

வீடு பளபளவென்று இருந்தது. திரைச்சீலை துவைத்திருந்தது. அடுப்பு மேடையில் ஒரு கறை இல்லை. ஃப்ரிட்ஜில் கறிவேப்பிலை, கடைக்காரர் சுற்றிய நூல் பிரியாமல் இருந்தது. குக்கர் மூடியிலிருந்து கேஸ்கட்டை உருவினேன். மாதக்கணக்கில் சூடும் ஈரமும் படாத ரப்பர் எப்படி விறைக்கும் என்று எனக்குத் தெரியும். இது அப்படி விறைத்திருந்தது. அப்பாவின் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது.

மாடி வீட்டு மீனாக்ஷி மாமியிடம் விசாரித்தேன். "டெய்லி சமைக்கறார்டீ. ரசம், ஒரு காய். ஒரு குறையும் இல்லை" என்றார். இது யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டதும் மாமி வாயைப் பொத்திக்கொண்டார். "பக்கா டிரெயினிங் குடுத்தார். நான்தான் சொதப்பிட்டேன் போலருக்கு. பங்கா ரோடு டாபாலதான்டீ ரெண்டு வேளையும் சாப்பாடு. அதுவும் பாதி நாள் வெறும் டீதான்."

கீழே வந்தேன். பக்கத்து ஃபிளாட்டில் யாரோ சாவி போட்டுத் திறக்கும் சத்தம். அப்பா பேப்பரைத் தாழ்த்தி எங்கள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்து மூடியது. நான் குளியலறைக்குள் போனேன். புதுச் சோப்பு. எழுத்துகள் கூராக இருந்தன. அதையும் கேஸ்கட்டையும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

அப்பா சோப்பை எடுத்தார். கட்டை விரலால் எழுத்துகளைத் தடவினார்.

"சொல்லிட்டு வந்தேல்லா" என்றார்.

கிளம்புங்கள் என்றேன். புனேயில் தனி அறை இருக்கிறது, அங்கே உங்களுக்கு ஒரு குறையும் வராது என்றேன். அவர் வாக்கியத்தையே நானும் சொல்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை.

"இந்தக் கதவை விட்டுட்டு வர முடியலட்டி."

வெளியே மெட்ரோ ரயிலுக்குத் தூண் இறக்கும் இயந்திரம் இடித்துக்கொண்டிருந்தது. அது ஓயும் வரைக்கும் சோப்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"மொதத் தப்புக்கு ஆர்டர வெட்டுறது கெடையாது. டைம் குடுப்போம்லா. நீயும் குடு. திருத்திக்கிடுதேன்."

நிஜமாகவா என்று கேட்டேன்.

"சொல்லாம வந்து பாரு."

எழுந்து வாசல் பக்கம் போனார். கதவோரத்து ஆணியில், ஜனவரியிலிருந்து யாரும் தொடாமல், அம்மாவின் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்தார். சட்டையில் துடைத்தார். என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கினார்.