ஒண்ணும் இல்லையே?

“முட்டை, இறால், வேர்க்கடலை?” என்று கேட்டுக்கொண்டே ஊசி போடும் சிஸ்டர் என் முகத்தை விட்டுவிட்டுக் கழுத்தைப் பார்த்தார். “மாத்திரை எதாவது சாப்பிட்டுத் தடிப்பு? முன்னாடி போட்ட ஊசிக்கு உதடு, கண்ணு வீங்கினது?” எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சட்டைக் கையைச் சுருட்டி வைத்திருந்தேன், ஊசி இன்னும் தட்டிலேயே கிடந்தது. “பூச்சி ஏதும் கொட்டியிருக்கா?”

பத்து வயதில் தேனீ கொட்டி மூச்சுத் திணறி, அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

“அப்படி வாங்க வழிக்கு. ஊசி போட்டுக்கலாம், பயமில்ல. ஆனா மத்தவங்களுக்குப் பதினஞ்சு நிமிஷம்னா உங்களுக்கு அரை மணி. அந்தச் சுவரோரமா உக்காருங்க.”

தடுப்பூசி அறையில் அவருக்குப் பெயர் ‘கால்மணி சிஸ்டர்’. வயது ஐம்பத்திரண்டு. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் கட்டியிருப்பார். சுவரோரம் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் சமையலறையில் வைக்கிற சின்ன டைமர் ஒன்று தொங்கும். அது மணி அடிக்காமல் யாரும் எழுந்திருக்க முடியாது. “பஸ் போயிடும் சிஸ்டர்” என்றால், “அடுத்த பஸ் வரும்” என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

“எனக்கு வேலைன்னாதான் அலர்ஜி” என்றான் ஓர் இளைஞன். “அதுக்கு இன்னும் ஊசி வரல தம்பி. மாத்திரை?” என்றார், சிரிக்காமல். வீட்டிலும் இதே கதைதான் போலிருக்கிறது. சிஸ்டரை அழைத்துப்போக வந்த கணவர், ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், என்னிடம் சொன்னார்: “கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. இப்ப விருந்தாளி செருப்பக் கழட்டுறதுக்குள்ள பத்துக் கேள்வி.”

தினமும் காலையில் முதல் வேலை, மேசையின் வலது ஓரத்தில் இருக்கும் நீலத் தட்டைச் சரிபார்ப்பது. ஊசி ஒத்துக்கொள்ளாமல் போனால் உயிர்காக்கும் அட்ரினலின் மருந்துக் குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, காலாவதித் தேதியை வாய்விட்டுப் படிப்பார். தட்டுக்கு மூடி கிடையாது, பூட்டும் கிடையாது. அன்று பக்கத்து மேசையில், பயிற்சிக்கு வந்த பெண் ஒருத்தி, வரிசையில் நின்றவரிடம் “உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள். சிஸ்டர் அவள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிவிட்டார். “இல்லையேன்னு கேட்டா இல்லன்னுதான்மா சொல்லுவாங்க. என்ன இருக்குன்னு கேளு.” இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இத்தனை கோபமா என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த தவணைக்குப் போனபோது, உங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். கையிலிருந்த பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, “எழுதுறதா இருந்தா நான் சொல்றதையும் சேத்து எழுதணும். இல்லன்னா வேணாம்” என்றார்.

அவர் சொன்னது, சில வருடங்களுக்கு முன் இதே அறையில் கூட்டம் வாசல்வரை நின்ற ஒரு நாளைப் பற்றி. ஒரு தையற்காரப் பெண்ணின் முறை. “போன தடவை ஊசி போட்டப்ப உதடு தடிச்சுப்போச்சு சிஸ்டர்” என்று அவர் சொல்லியிருக்கிறார். “அதெல்லாம் சூடும்மா. வேற ஒண்ணும் இல்லையே?” என்று இவர் கேட்டார். “இல்ல” என்றார் அந்தப் பெண். பதிவேட்டில் ‘ஒவ்வாமை: இல்லை’ என்று எழுதி, ஊசியைப் போட்டு, நாற்காலி காலியில்லை என்று வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்.

எட்டு நிமிடத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கழுத்தெல்லாம் தடிப்பு, உதடு வீங்கி, குரலே எழவில்லை. “மயக்கம்னு நினைச்சேன். நாற்காலியில உக்கார வச்சுத் தண்ணி தெளிச்சேன். முப்பது வருஷ சர்வீஸ்!” மருந்தாளுநர்தான் ஓடிவந்து, “படுக்க வை, படுக்க வை!” என்று கத்தி, பூட்டியிருந்த அலமாரியைத் திறந்து அட்ரினலினைத் தொடையில் போட்டார். ஐந்து நிமிடம் கழித்து இன்னொன்று. பெண் பிழைத்துக்கொண்டார்.

விசாரணையில் டாக்டர் கேட்டார்: “ஒவ்வாமை பத்திக் கேட்டீங்களா?” “கேட்டேன் டாக்டர். இல்லைன்னாங்க.” பதிவேடும் அதையே சொன்னது.

“பொய் இல்லன்னு என்னையே ஏமாத்திக்கிட்டேன் சார். இல்லன்னு சொன்னாங்கதானே! எதுக்கு இல்லன்னாங்கங்கறத மட்டும் முழுங்கிட்டேன்.”

பத்து நாள் கழித்து அந்தப் பெண் கணவரோடு வந்தார். முகத்தில் இன்னும் சோர்வு தெளியவில்லை. “நான்தான் சரியா சொல்லல சிஸ்டர். என்னால உங்களுக்குக் கெட்ட பேரு. மன்னிச்சிடுங்க.”

“நான் என்ன சொன்னேன் தெரியுமா?” சிஸ்டர் மடியிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். “‘பரவால்லம்மா, இனிமே ஞாபகமா சொல்லுங்க’ன்னேன். நான் அவங்கள மன்னிச்சேன் சார்.”

அதற்குப்பின் இரண்டு வருடம் தையற்கடை இருக்கும் தெருப்பக்கமே அவர் போகவில்லை. சுற்றிக்கொண்டு போனார். எதிரே அந்தப் பெண்ணைப் போல் யாராவது வந்தால், கைப்பையில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான கூட்டத்தில் டாக்டர், “அன்னைக்கு சிஸ்டர் முறையா கேட்டு எழுதி வச்சிருந்ததாலதான் நாம தப்பிச்சோம்” என்று இவரைக் காட்டிச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். “அந்தக் கைதட்டல் ஒவ்வொண்ணும் கன்னத்துல விழுந்த மாதிரி இருந்துச்சு.”

அன்று மாலையே தையற்கடைக்குப் போனார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பெண் தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. துணி முடிந்ததும் நூலைக் கத்தரித்துவிட்டுச் சொன்னாராம்:

“எனக்குத் தெரியும் சிஸ்டர். உதடு தடிச்சதச் சொன்னது நல்லாவே ஞாபகம் இருக்கு. வீட்டுக்காரருதான், நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணுன்னா அங்கதான போய் நிக்கணும், பகைச்சுக்க வேணாம், போய் மன்னிப்புக் கேளுன்னாரு. கேட்டேன்.”

இதைச் சொல்லும்போது சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. “திட்டியிருந்தா தாங்கியிருப்பேன். என்னைப் பாத்துப் பயந்திருக்காங்க சார். சாவக் கிட்டப் போய்ப் பாத்துட்டு வந்தவங்க, என்னைப் பாத்துப் பயந்திருக்காங்க.”

தையற்கடைக்குப் போன மறுநாள், நடந்தது முழுவதையும் டாக்டரிடம் எழுதிக் கொடுத்தார். எழுத்துமூலம் எச்சரிக்கை வந்தது. ஆறு மாதம் ஊசி மேசையிலிருந்து விலக்கி மருந்துக் கிடங்கில் போட்டார்கள். தையற்காரரின் அட்டையில் சிவப்பு மையில் திருத்தம் ஏறியது. இனி அவருக்கு எந்தத் தடுப்பூசி என்றாலும் முதலில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒவ்வாமை மருத்துவர் பார்த்தாக வேண்டும். கிடங்கிலிருந்து திரும்பி வந்தபோது, பூட்டில்லாத தட்டையும் ஐந்து டைமர்களையும் சிஸ்டரே கேட்டு வாங்கினாராம்.

“இப்ப சரியாத்தானே செய்யறீங்க?” என்றேன், ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று.

“இப்ப செய்யறது இப்ப வர்றவங்களுக்கு சார்” என்றார்.

இந்தச் சொற்சித்திரத்துக்காக மூன்றாம் முறை போயிருந்த அன்று, ஒல்லியான ஒரு பெண்மணி, பள்ளிச் சீருடை அணிந்த மகளோடு உள்ளே வந்தார். பின்னல் அவிழ்ந்திருந்த மகளின் தோளில் கை வைத்தபடி, வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும், இரண்டு மேசைகளில் எதற்குப் போவது என்று பார்த்து, கொஞ்சம் தயங்கி, சிஸ்டரின் மேசைக்கே வந்தார். “எனக்கு உதடு தடிச்ச மாதிரி இவளுக்கும் ஆயிடுமோன்னு பயமா இருக்கு. கொஞ்சம் விவரமா சொல்லணும்” என்றார்.

சிஸ்டர் எழுந்தார். தன் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துவந்து தையற்காரருக்குப் பின்னால் போட்டார். அவர் உட்கார்ந்து, மகளின் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கும்வரை, சிஸ்டர் பேனாவோடு எதிரே நின்றுகொண்டிருந்தார்.