சுமாராத்தான் நீந்துவா

அந்த பஸ் டிரைவருக்கு டிப்போவில் ‘பரபரப்பு’ என்றே பெயர். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் நிதானம். இறங்கிவிட்டால் ஒரு இடத்தில் தரிக்க மாட்டார், வீட்டில் சாப்பாட்டைக்கூட நின்றபடிதான் அள்ளிப் போட்டுக்கொள்வார். அன்று மகள் சொன்ன செய்தியைக் கேட்டதும் அதையும் பாதியில் வைத்துவிட்டார்.

அவள் வகுப்பில் பல நாட்டுப் பிள்ளைகள். நீச்சல் அணிக்கு ஆள் எடுக்கும் முன்னால், எப்படி நீந்துவாய் என்று பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார். போன மாதம்வரை தண்ணீரைக் கண்டாலே அலறிய பையன், “நான்தான் சார் முதல் ஆள்” என்றானாம். இன்னொருத்தி, மீனே தன்னிடம் பாடம் கேட்கும் என்று அடித்துவிட்டாளாம். இவர் மகள், “சுமாரா நீந்துவேன்” என்றாள். அவர்களுக்கு ஆழமான பக்கம், இவளுக்கு இடுப்பளவுத் தண்ணீர். அணிக்கு எடுக்கப்போவதோ ஆழத்தில் இருப்பவர்களை மட்டும்தான்.

“ஏம்மா, மூச்சு வாங்காம இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்ட்டு வர்றவ நீ! அடக்கத்துக்கும் ஒரு அளவு வேணாமா?”

அவள் நீச்சல் உடையைக் காயப்போடப் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு டிரிப்புக்கு நடுவே, சீருடையோடு பள்ளிக்கு ஓடினார். வழியெல்லாம் பேச வேண்டியதை உருப்போட்டார். நீச்சல் குளத்தருகே பயிற்சியாளர் நின்றிருந்தார், பக்கத்தில் ஈரத் தலையோடு மகள்.

“நீங்களே சொல்லுங்க, பொண்ணு எப்படி நீந்துவா?” என்று பயிற்சியாளரே கேட்டார்.

பெற்ற பிள்ளையைப் பிறர் முன்னால் மெச்சிப் பழக்கமில்லாத வாய். உருப்போட்டதெல்லாம் பறந்தது. “ஏதோ… சுமாரா நீந்துவா சார்” என்று இளித்துவைத்தார். அவர் பழகிய வட்டத்தில் இப்படிச் சொன்னால், “அட, சும்மா சொல்லாதீங்க!” என்று எதிராளி மறுப்பார். பெருமை அந்த மறுப்பில்தான் வந்து சேரும். அதற்காகக் காத்து நின்றார்.

பயிற்சியாளர் மறுக்கவில்லை. “அப்ப சரியான இடத்துலதான் இருக்கா” என்று விசிலை ஊதிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை. “நானும் அதையேதானப்பா சொன்னேன்.”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவள் சொன்னது அடக்கமே இல்லை. வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அவர் ‘சுமாராத்தான் நீந்துவா’ என்று சொன்னதைக் கேட்டுக் கேட்டு, பெண் அதை அப்படியே நம்பியிருக்கிறாள்.

“இல்லம்மா! நீ பிரமாதமா நீந்துவ. நெஜமா சொல்றேன்.”

“பரவால்லப்பா, உங்க பொண்ணுங்கிறதால சொல்றீங்க” என்று அவருக்கே ஆறுதல் சொன்னாள்.